யாரும் இழுக்காத தேர்

காலையிலிருந்து அசையாமல் அடம்பிடித்த தேர், ஊரே சேர்ந்து மூச்சைப் பிடித்து இழுத்ததும் ஒரு முனகலோடு நகர்ந்தது. மேலவீதித் திருப்பத்துக்கு வருவதற்குள் நல்ல வேகம் பிடித்துவிட்டது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்துவது பொன்னுரங்கமும் அவன் தம்பி சிகாமணியும் செய்கிற வேலை. கட்டையோடு குனிந்த சிகாமணி சேற்றில் வழுக்கி, சக்கரத்துக்கு நேர் முன்னால் மல்லாந்து விழுந்தான்.

“வடத்த விடுங்க! விடுங்கய்யா!” என்று பொன்னுரங்கம் அலறினான்.

கூட்டம் வடத்தைக் கீழே போட்டது. அத்தனை பேரும் வெறுங்கையோடு பார்த்து நின்றார்கள். வடம் மண்ணில் தொய்ந்து கிடந்தது. தேர் வந்துகொண்டே இருந்தது.

பொன்னுரங்கம் தன் கட்டையைச் சக்கரத்தடியில் செருகி, முழு உடம்பாலும் அழுத்தினான். கட்டை நெரிந்து புகைந்தது. சக்கரம் அதன்மேல் பாதி ஏறி நின்றது. தம்பியின் விலாவுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

“எந்திரிடா!”

சிகாமணி எழவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

“விடச் சொன்னியேண்ணே… அதுக்கப்பறமும் யாரு இழுத்தா?”

“யாரும் இழுக்கலடா.”

சொல்லிவிட்டுப் பொன்னுரங்கம் கட்டையை இன்னும் இறுக்கி அழுத்தினான். நாலு பேர் வந்து தம்பியை வெளியே இழுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். “தேர் நின்னுடுச்சுப்பா, வா” என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவன் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.