தைல மரத்தில் ஒரு நான்கு

மரம் வெட்ட ஆட்களோடு வந்து, ரம்பத்தை முடுக்கக் குனிந்த பெலர்மீனு, அப்படியே நின்றுவிட்டான்.

மே மாதக் காலை. பனி இன்னும் சரிவை விட்டுப் போகவில்லை. பனிக்குள் அந்த ஒற்றைத் தைல மரம் வேரே இல்லாமல் மிதப்பதுபோல் நின்றது.

மேலே, கவட்டையில், கழுகுக் கூடு. பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்று தலையை நீட்டுவதும் உள்ளே இழுத்துக்கொள்வதுமாக இருந்தது.

சற்றுத் தள்ளி நின்ற அபீலியுவுக்கு எல்லாமே கனவில் நடப்பதுபோல் இருந்தது.

அந்தச் சரிவு முழுக்கத் தைல மரம் நட்டவர் அவர்தான். காகித ஆலைக்கு விற்கலாம் என்று, மனைவி லியோனில்டி சொல்லச் சொல்லக் கேட்காமல் நட்டார். மரங்கள் ஊற்றைக் குடித்துத் தீர்த்தன. விதை விழுந்த இடமெல்லாம் முளைத்து, பாட்டில் தக்கைக்காகப் பட்டை உரிக்கிற தக்கை மரங்களை நெருக்கின.

அதன்பிறகு லியோனில்டி அவரிடம் பேசியதில் பாதி தைல மரத்தைப் பற்றிய வசவுதான்.

போன இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் வெட்டச் சம்மதித்தார். ஒன்றைக்கூட மிச்சம் வைக்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்கும் கொடுத்தார்.

ஊற்றுக்கு நேர் மேலே நின்ற இது மட்டும், மழையில் சரிவு வழுக்கியதால் தப்பித்தது. குளிர் முடிவதற்குள் கழுகு ஜோடி அதில் குடியேறிவிட்டது.

குஞ்சு பறக்கும்வரை பொறுக்கலாமே என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. வாக்குக் கொடுத்தவர் எந்த முகத்தோடு கேட்பது?

பெலர்மீனு ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அடிமரத்தில், வெள்ளைப் பெயிண்டில், பெரிதாக ஒரு 4.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தக்கை மரத்தில் பட்டை உரித்ததும் அந்த வருடத்தின் கடைசி எண்ணை எழுதிவைப்பார்கள். அப்புறம் ஒன்பது வருடத்துக்கு அதன்மேல் கோடரி படாது. தைல மரத்தில் உரிக்க என்ன இருக்கிறது? அது தானாகவே உரிந்து விழுகிற மரம்.

சிரித்தார்களே தவிர, ரம்பத்தை எடுக்க ஒருவனுக்கும் கை வரவில்லை. எண் போட்ட மரத்தைத் தொட்டுப் பழகாத கைகள்.

“எண் போட்டாச்சு அத்தே. இனிமே ரெண்டாயிரத்து முப்பத்துமூணுலதான்,” என்று அபீலியுவுக்குப் பக்கத்தில் நின்ற லியோனில்டியிடம் சொல்லிவிட்டு, பெலர்மீனு ரம்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

அவள் அபீலியு பக்கம் திரும்பினாள்.

“ஏன்யா, உன் வேலைதானே இது? வாக்குக் குடுத்துட்டு இப்படித் திருட்டுத்தனம் பண்ண வெட்கமா இல்ல?”

அதோடு விடவில்லை. தண்ணீருக்காகப் பள்ளத்தில் இறங்கி ஏறி முழங்கால் தேய்ந்ததை, கழுகு தூக்கிக்கொண்டு போன கோழிகளை, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் திட்டினாள். ஆட்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

அபீலியு எழுதவில்லை. காலையில் வந்து பார்க்கும்வரை அப்படி ஒரு யோசனைகூட அவருக்கு வந்ததில்லை. சத்தியம் செய்வதற்காக வாயைத் திறந்தார்.

அப்போதுதான் அவர் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்த அவள் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது.

அவர் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

“ஆமா, நான்தான் எழுதினேன்,” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.