இரண்டு நாள் முன்னதாக

“ஏம்மா, இவ்வளவு பெரிய சமையலறையைச் சுத்திக் காட்டுறியே, உனக்குச் சமைக்கத் தெரியுமா?”

தையல்காரம்மா போகிற போக்கில் கேட்பது போலத்தான் கேட்டாள். வழிகாட்டிப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. கத்துக்கிற எண்ணமும் இல்லை.”

தையல்காரம்மாவுக்குத் திக்கென்றது. இருநூறு வருஷத்து மாளிகையையும் கடலைப் பார்த்த அதன் தோட்டத்தையும் பார்க்கவா அவள் வந்தாள்? மகன் மனசுக்குள் வைத்திருக்கும் பெண் இவள்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து பாரும்மா, உனக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். சொல்லிவிட்டுப் போனால் யார்தான் நல்லவர்களாக நடிக்க மாட்டார்கள்? அவனிடம் மூச்சு விடாமல் வெள்ளிக்கிழமையே டிக்கெட் எடுத்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

நுழைந்தவளுக்குத் தலைதான் சுற்றியது. கைத்தடி ஊன்றிய பெரியவருக்கு அந்தப் பெண் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நடன மண்டபத்தில் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை அழ, அதை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மாளிகையின் கதையைச் சொன்னாள். எல்லோரிடமும் அப்படி ஒரு தன்மை. தையல்காரம்மா வாயைத் திறந்தால் மட்டும் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்றால் பத்து மணி என்கிறாள். கல்யாணம் ஆனால் மாமியாரோடு இருப்பாயா என்றால், ஒரு வாரம்கூடத் தாங்காது என்கிறாள்.

துணியைத் தொட்டாலே சாயம் போகுமா போகாதா என்று சொல்லிவிடுகிறவள் தையல்காரம்மா. இந்தப் பெண் தங்கமா, ராங்கிக்காரியா என்றுதான் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய் மகனிடம் என்னவென்று சொல்வது?

தோட்டத்துக்கு வந்ததும் மற்றவர்கள் ரோஜாச் செடிகளைப் படம் பிடிக்கக் கலைந்து போனார்கள். தையல்காரம்மா அவளைத் தனியே மடக்கினாள்.

“ஊருக்கெல்லாம் நல்லவளா இருக்கே. என்கிட்ட மட்டும் ஏம்மா எரிஞ்சு விழுறே? நான் உனக்கு என்ன பண்ணினேன்?”

பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

“மன்னிச்சுக்குங்கம்மா. நீங்க யாருன்னு முதல் கேள்வியிலேயே தெரிஞ்சுபோச்சு. எங்கப்பா பார்த்திருக்கிற மாப்பிள்ளையோட அம்மாதானே? சொல்லாம கொள்ளாம இங்கேயே வந்து பார்ப்பீங்கன்னு காலையிலதான் அப்பா சொன்னார். எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்மா. நான் வேற ஒருத்தரை விரும்புறேன். ஞாயித்துக்கிழமை அவரோட அம்மா என்னைப் பார்க்க இங்க வர்றாங்க. அவங்களுக்கு என்னைப் பிடிக்கணுமேங்கிற பயத்துல, ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்லை.”