ஒரு தையல்கூடப் பிரியவில்லை

"ஏங்க, இங்க வாங்க! ஓடி வாங்க!"

கணவர் வாய் நிறைய நுரையோடு ஓடி வந்தார். பல் டாக்டரைக் கட்டிக்கொண்டவர் என்பதால், காலையில் முழுசாக இரண்டு நிமிடம் பல் தேய்க்காமல் அவருக்குக் காபி கிடையாது.

டாக்டரம்மா செல்போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். தோலில் பை, பர்ஸ் என்று கையாலேயே தைக்கிறவர்கள் நடத்தும் இணையக் குழு அது. மூவாயிரம் பேர் இருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை லைவ்ல என்னையே கிளாஸ் எடுக்கச் சொல்லியிருக்காங்க! தலைப்பு என்ன தெரியுமா? 'பிரியாத தையல்'!"

ஆறு மாதத்துக்கு முன்னால் வீடியோ பார்த்து ஆரம்பித்த பொழுதுபோக்கு. கிளினிக் முடிந்து வந்தால் சாப்பாட்டு மேஜை முழுக்கத் தோலும் ஊசியும்தான். செய்ததையெல்லாம் படம் எடுத்துக் குழுவில் போடுவார். அப்புறம் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார். எல்லாவற்றின் மூலையிலும் கடைவாய்ப்பல் வடிவத்தில் ஒரு குட்டி முத்திரை இருக்கும். போன வாரம்தான் குழுவில் மார்தட்டியிருந்தார்: "கொடுத்து மூணு மாசம் ஆச்சு. ஒரு தையல்கூடப் பிரியல!"

"பிரமாதம்!" என்றார் கணவர், நுரையை விழுங்கிவிட்டு.

"கிளாஸ்ல எல்லாருக்கும் காட்டணும். உங்க பர்ஸைக் கொடுங்க."

"பர்ஸா? அது... ஆபீஸ் டிராயர்ல இருக்கு."

டாக்டரம்மா உடனே நாத்தனாருக்கு போன் போட்டார்.

"உனக்குச் செஞ்சு கொடுத்தேனே கைப்பை, அதைக் கொஞ்சம் கொண்டு வர்றியா?"

"ஐயோ அண்ணி! அழகா இருக்குன்னு என் ஃப்ரெண்ட் இரவல் வாங்கிட்டுப் போயிட்டா. சனிக்கிழமை வந்துடும்."

இரவல் கேட்கிற அளவுக்கு அழகா! டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கிளினிக் வரைக்கும் பாடிக்கொண்டே போனார்.

அங்கே நர்ஸைப் பிடித்தார். "நான் தைச்சுக் கொடுத்த கத்தரிக்கோல் உறை எங்கம்மா? ரெண்டு மூணு நாளா கண்ணுலயே படலையே?"

நர்ஸ் திருதிருவென்று விழித்தாள். "வீட்ல பத்திரமா வெச்சிருக்கேன் டாக்டர்."

"கத்தரிக்கோல் இங்க இருக்கு. உறைக்கு வீட்ல என்ன வேலை?"

நர்ஸுக்குத் திடீரென்று அடுத்த நோயாளியின் ஞாபகம் வந்துவிட்டது. வெளியே ஓடிவிட்டாள்.

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. மூன்று பேர், மூன்று சாக்கு. வாங்கும்போது வாயெல்லாம் பல்லாக வாங்கினார்களே! குப்பையில் போட்டுவிட்டார்களோ?

மத்தியானம், தோல் தைக்கும் மெழுகு நூல் தீர்ந்துபோனது தெரிந்தது. ஆர்டர் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது. பக்கத்துத் தெருவில் பையும் செருப்பும் ரிப்பேர் பார்க்கும் கடை ஒன்று உண்டு. அங்கே போய் நின்றவருக்கு மூச்சே நின்றது.

அலமாரியில் கணவரின் பர்ஸ். அதன் பக்கத்தில் நாத்தனாரின் கைப்பை. கடைக்காரர் மடியில் நர்ஸின் உறை. மூன்றிலும் அந்தக் கடைவாய்ப்பல்.

"இது... இதெல்லாம் யாரோடது?"

"மூணு பேரோடதும்மா. தனித்தனியா வந்து கொடுத்தாங்க. ஒருத்தர் கொடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஆனா மூணும் ஒரே கை செஞ்சது. யாரோ டாக்டராம்."

"இதுக்கெல்லாம் என்ன ஆச்சு?"

"தையல் மொத்தமும் பிரிஞ்சு வந்துடுச்சு. புண்ணுக்குத் தையல் போடற மாதிரி முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டியிருக்காங்க. மெழுகு நூல் வழுக்குமே, முடிச்சு எப்படி நிக்கும்? கடைசியில, தைச்ச வழியிலயே ரெண்டு ஓட்டை திரும்பி வந்து தைச்சா போதும், முடிச்சே வேண்டாம். பாருங்க, இப்படி."

டாக்டரம்மா தன்னை மறந்து குனிந்து பார்த்தார். அட, இவ்வளவுதானா! இருபது வருஷமாக ஈறில் போட்டுப் பழகிய முடிச்சைக் கை தானாகத் தோலிலும் போட்டிருக்கிறது! புதுசாக ஒன்று பிடிபட்ட சந்தோஷத்தில் மனசு துள்ளியது.

மறு நொடியே காது மடல் சுட்டது. பிரியாத தையலாம், கிளாஸாம்! கூட இருப்பவர்களெல்லாம் முதுகுக்குப் பின்னால் எப்படிச் சிரித்திருப்பார்கள்? கிளாஸும் வேண்டாம், இந்தத் தோல் சகவாசமும் வேண்டாம். குழுவுக்குச் செய்தி அனுப்பிவிட, கைப்பைக்குள் செல்போனைத் தேடினார்.

"கொடுக்கும்போது... ரொம்பக் கிண்டல் பண்ணாங்களா?" குரல் கம்மியது.

"கிண்டலா? நல்லா கேட்டீங்க!" கடைக்காரர் ஊசியைக் கீழே வைத்தார். "அந்த சார் பர்ஸைக் கர்ச்சீப்ல பொத்தி எடுத்துட்டு வந்தார். 'என் வீட்டுக்காரி இந்த வேலையில உக்காந்தப்புறம்தான் வாய்விட்டுப் பாடறா. இது பிரிஞ்சது தெரிஞ்சா எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவா'ன்னு கண் கலங்கிட்டார். பை கொண்டு வந்த பொண்ணும் கிட்டத்தட்ட அதேதான் சொல்லிச்சு. நர்ஸும் அப்படித்தான். ரிப்பேர் பண்ணதே டாக்டருக்குத் தெரியக் கூடாதுன்னு மூணு பேரும் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காங்க."

கைப்பைக்குள் செல்போனைத் தேடிய கை அப்படியே நின்றது.

"அதான் எதனால பிரிஞ்சதுன்னு தெரிஞ்சு போச்சே. தைச்சுக் கொடுக்க வேண்டியதுதானே? ஏன் இன்னும் அப்படியே கிடக்கு?"

கடைக்காரர் பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"நேராத் தைக்கிறதுன்னா அஞ்சு நிமிஷ வேலைம்மா. அந்த டாக்டர் தைச்ச அதே கோணல்ல தைக்கணுமாம். மூணு நாளா பழகறேன், வர மாட்டேங்குது!"