மடியில் எட்டு பாட்டரி

"சும்மா பாட்டரி பாட்டரின்னு எம்மேல பழி போடாத மச்சான்—"

"பின்ன யார் மேல போடறது மாமா? கடைக்குப் போனது நீங்கதானே? எத்தனை தடவை சொன்னேன், தேதியைப் பாத்து—"

"பாத்தேன்டா! தேதி பாத்தேன், கையில வெச்சு கனம் பாத்தேன். நக்கிப் பாக்கிறது ஒண்ணுதான் பாக்கி!"

தம்பியும் அவன் அக்கா வீட்டுக்காரரும் முழங்கால் வரை சேற்றில் நின்றபடி கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பியின் கையில் மெட்டல் டிடெக்டர் மறுபடியும் ஊமையாகிக் கிடந்தது.

அவன் குழாய் வேலை செய்கிறவன். மண்ணுக்குள் புதைந்த இரும்புக் குழாயைத் தேடுவதற்காக வாங்கிய கருவி அது. இன்றைக்கு அதை வைத்துக்கொண்டு அவன் தேடுவது அக்கா மகனின் வலது தொடையை.

மலைச்சரிவு இறங்கி, அக்கா மகன் தங்கியிருந்த தொழிலாளர் விடுதியை வழித்துக்கொண்டு போய்விட்டது. மற்றவர்கள் எல்லோரும் உயிரோடோ உயிரில்லாமலோ கிடைத்துவிட்டார்கள். இவன் ஒருவன்தான் பாக்கி. போன வருஷம் வண்டியிலிருந்து விழுந்தபோது, அவன் தொடை எலும்புக்குள் நீளமாக ஓர் எஃகுக் கம்பியை இறக்கியிருந்தார்கள். அது நினைவுக்கு வந்ததும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன்தான் தம்பி.

மண்வாரி ஓட்டுநர் தன் இருக்கையிலேயே சாய்ந்து காத்திருந்தார். பொழுது சாய்வதற்குள் இடத்தை நிரவிவிடச் சொல்லி அவருக்கு உத்தரவு.

"இன்னொரு தடவை மாத்திப் பாருடா." அக்கா வீட்டுக்காரரின் குரல் உடைந்துவிட்டது. "காலைல நல்லாத்தானே கத்துச்சு? ஒரு ஆணியைக்கூட விடலையேடா..."

அதுதான் தம்பிக்கும் பிடிபடவில்லை. பாட்டரி விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் கழற்றிவிடுவான். புதுசோடு பழசைச் சேர்க்கமாட்டான். வெயிலில் வைக்கமாட்டான். "என்னைக்கூட இந்த மனுஷன் இப்படித் தாங்கினதில்ல" என்று அவன் பெண்டாட்டி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இங்கேயும் சேற்றுக்கை படக்கூடாதென்று அக்காவைத் தார்ப்பாய்க்கடியில் உட்காரவைத்து, புது பாட்டரி எட்டையும் அவளிடம்தான் கொடுத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் அவளே இரண்டிரண்டாகத் துடைத்து, மாற்றி, மூடிக் கொடுத்தாள். குளிரில் பாட்டரி சுணங்கிவிடும் என்று அவன் சொன்னதற்காக, முந்தானையால் பொத்தி மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி தார்ப்பாய்க்குள் குனிந்து நுழைந்தான். கையைச் சட்டையின் உட்பக்கத்தில் அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

"விடுக்கா, நானே மாத்திக்கறேன்."

"உனக்கெதுக்குடா? இப்படிக் குடு. நான் பாத்துப் போட்டுத் தர்றேன்." கருவியை அவன் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தாள்.

அவன் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டையும் உள்ளங்கையில் கொட்டினான்.

அடிப்பக்கமெல்லாம் ஸ்பிரிங் கீறிய தடம், ஒன்றின்மேல் ஒன்றாக. புது பாட்டரியில் இத்தனை கீறல் இருக்காது. இவை காலையிலேயே தீர்ந்துபோனவை. தூக்கி எறியச் சொல்லி அவன் கொடுத்தவை. சற்று ஓய்வு கிடைத்தால் தீர்ந்த பாட்டரியும் கொஞ்சம் கண் விழிக்கும். வேலை கொடுத்ததும் படுத்துவிடும்.

"ஏங்க்கா, அவசரத்துல பழசையே திரும்பத் திரும்ப..."

அவள் மடியை இறுக்கிப் பொத்தினாள். அவன் முந்தானையை விலக்கிப் பார்த்தான். மடியில் புது பாட்டரி எட்டும் இருந்தன. மேலட்டையைக்கூடப் பிரித்திருக்கவில்லை.

"என்னடா பண்றீங்க உள்ள?" வெளியே அக்கா வீட்டுக்காரர் அலறினார். "அந்த ஆளு வண்டிய ஸ்டார்ட் பண்றான்டா! மச்சான்! சீக்கிரம் வாடா!"

தம்பி அட்டையைப் பிரிக்க விரலை வைத்தான். அக்கா அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மண் படாத கை, காய்ச்சல்காரியின் கையைப் போலச் சுட்டது.

"அது கத்தாத வரைக்கும், எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில பேரு சொல்லத் தெரியாமப் படுத்திருக்கான்னு நெனச்சுக்கலாம்லடா தம்பி?"