எட்டுப் பேரில் ஒருவர்

கேசட்டை நாலாவது தடவையாகப் பின்னோக்கிச் சுற்றிப் போட்டுக் கேட்டார் ரெமிஜியஸ். இரண்டாவது சரணத்தில் அதே இடம், அதே குரல், சுருதியை விட்டு ஒரு நூல் இறங்கி இழுத்துக்கொண்டு வந்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எட்டுப் பேர்ல ஒருத்தர்," என்றார் பாடகர் குழுவைப் பார்த்து. "யாருன்னு தெரியாம இன்னைக்கு யாரும் வீட்டுக்குப் போறதில்ல."

தொண்ணூற்றாறு டிசம்பர். அடுகோடிப் பகுதியில் இருந்த அந்தச் சிறிய கோயில் வெளியிடப்போகும் முதல் கிறிஸ்துமஸ் கேசட். பாட்டு ரெமிஜியஸ் எழுதியது, மெட்டும் அவருடையதே. அட்டையில் தன் பெயரே வேண்டாம், ஆண்டவர் பெயர் விளங்கினால் போதும் என்று பங்குத் தந்தையிடம் மூன்று முறை சொல்லியிருந்தார். மூன்று முறையும் பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போதுதான் சொன்னார்.

சிவாஜி நகரில் பிரதி எடுத்துக் கொடுக்கும் கடைக்கு ஐந்து மணிக்குள் கேசட் போயாக வேண்டும். விட்டால் கிறிஸ்துமஸுக்குக் கையில் வராது. இப்போதே மூன்றரை. ரெமிஜியஸ் பீடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி நடந்தார்.

ஒவ்வொருவராக வந்து அந்தச் சரணத்தைப் பாடச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். எட்டுப் பேரும் பிசகாமல் பாடினார்கள். சரியென்று சேர்ந்து பாடவிட்டு, வழக்கம்போல் மைக்குக்குப் பக்கத்தில் நின்று, கையை வீசி, அடியெடுத்துக் கொடுத்து, கடைசி வரை கூடவே வந்தார். போட்டுக் கேட்டால் அந்தப் பிசாசு மறுபடியும் உள்ளே உட்கார்ந்திருந்தது.

இருந்தது ஒரே மைக். அதில் ஆண் குரலா பெண் குரலா என்றுகூடப் பிடிபடவில்லை. முன்பின் தெரியாத யாரோ நடுவில் புகுந்து பாடுவது போலிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார். தொண்டை கரகரத்தது, இருமல் வந்தது. "அதுலயும் வந்தா, இந்தப் பாட்டே கேசட்ல வேண்டாம்."

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். டேரில் மட்டும் தலையைத் தூக்கி, "மாஸ்டர், அது வந்து..." என்று ஆரம்பித்தான். டோரதி டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அது நான்தான் மாஸ்டர்," என்றார் டோரதி.

ரெமிஜியஸ் திகைத்துப்போனார். பாட்டின் தனி வரிகளே டோரதிக்குத்தான் கொடுத்திருந்தார். கனத்த குரல், இருபது வருஷமாகப் பாடுகிறவர். கேசட்டில் தன் குரல் வரப்போகிறது என்று தங்கவயலில் இருக்கும் அக்காவுக்குக் கடிதம்கூடப் போட்டிருந்தார், பாவம். ஆனாலும் ரெமிஜியஸ், தனக்கு அப்போதே சந்தேகம்தான் என்று சொல்லிவைத்தார்.

தனி வரிகள் லீனாவுக்குப் போயின. டோரதி வரிசையை விட்டு இறங்கி வந்தார். டேப் ரெக்கார்டரின் பொத்தானைத் தான் அமுக்குவதாகச் சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாயை எடுத்து நீட்டினார்.

"வாயில போட்டுக்குங்க மாஸ்டர். கரையற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்கு உங்க தொண்டை வேணும்."

மிட்டாய் ஒரு கன்னத்தில் ஒதுங்கியிருக்க, ரெமிஜியஸ் கையை அசைத்தார். ஓசூர் ரோட்டு லாரிகளும் ஐந்து நிமிஷம் கருணை காட்டின. போட்டுக் கேட்டார்கள். இரண்டாவது சரணம் சுத்தமாக, தெளிவாக, ஒரே குரலாக ஓடியது. ரெமிஜியஸின் கண் கலங்கிவிட்டது.

டேரில் கேசட்டை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தான். மற்றவர்களும் கலைந்தார்கள். டோரதி கிளம்பும்போது ரெமிஜியஸுக்கு மனசு கேட்கவில்லை.

"வருத்தப்படாதீங்க டீச்சர். பாடினாத்தான் ஊழியமா? நாற்காலி எடுத்துப் போடறதும் ஊழியம்தான். நமக்குத் தாழ்மை வேணும்."

"ஆமா மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு டோரதி படியிறங்கிப் போனார்.

ஜன்னல்களைச் சாத்த உள்ளே வந்தார் கன்னடக்காரரான காவல்காரர் கோவிந்தப்பா. ஒத்திகை நடக்கிற நாளெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து கேட்கிறவர். அவருக்குப் பாட்டும் தெரியாது, சுருதியும் தெரியாது என்பது ரெமிஜியஸின் எண்ணம்.

"கடைசி வாட்டி சென்னாகித்து சார். ரொம்ப நல்லா இருந்துச்சு."

ரெமிஜியஸ் பெருமை தாங்காமல் சிரித்தார். "நீங்களும் கவனிச்சீங்களா? ஒரே ஒரு குரலை நிறுத்தினேன், எல்லாம் சரியாப் போச்சு."

கோவிந்தப்பா ஒத்துக்கொண்டு தலையாட்டினார். கடைசி ஜன்னலின் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்:

"ஏன் சார், அந்த வாட்டி மட்டும் நீங்க பாடல?"