எஞ்சின் நம்பர்

அவனியாபுரம் ஒர்க்‌ஷாப்பில் விலைக்கு நின்ற பழைய பிக்கப் வேனைப் பார்க்க ஜெயக்கொடி வந்திருந்தாள். தக்காளி ஏற்ற அவளுக்கும் புருஷனுக்கும் இன்னொரு வண்டி தேவைப்பட்டது. மெக்கானிக் ராமமூர்த்தி எஞ்சினில் படிந்திருந்த கரியைத் துடைத்து நம்பரை வாசித்தார்.

"ஆர்.சி. புக்குல ஒரு எஞ்சின் நம்பர், இதுல வேற நம்பரா இருக்கும்மா. யாரோ மாத்திப் போட்டிருக்காங்க."

ஜெயக்கொடி குனிந்து பார்த்தாள். அது அவர்களுடைய சொந்த வேனின் நம்பர். பக்கத்திலேயே, போன வருஷம் விரிசலுக்கு வைத்த வெல்டிங் தழும்பும் இருந்தது.

"இது எங்க எஞ்சின்ண்ணே."

"அதெப்படிம்மா? உங்க வண்டியத்தான் காலைல வீட்டுக்காரரு பேரையூருக்கு ஓட்டிட்டுப் போனாரே."

சொல்லிவிட்டு ராமமூர்த்தி தழும்பைத் தடவிப் பார்த்தார். அவர் கையால் வைத்ததுதான்.

ஜெயக்கொடியால் உட்கார முடியவில்லை. ரோட்டுக்கும் ஒர்க்‌ஷாப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். வெயில் சாயும் நேரத்தில் தக்காளிக் கூடைகளோடு அவர்கள் வண்டி வந்து நின்றது. அவள் புருஷன் காளை இறங்கினான்.

"என்ன புள்ள, மூஞ்சி இப்படி இருக்கு?"

"பானெட்டத் தூக்குங்க."

தூக்கினான். உள்ளே எஞ்சின் இல்லை. அந்த இடத்தில் ரோட்டு மண் தெரிந்தது. வண்டி ஓடுகிற சத்தம் மட்டும் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

காளை சாவியைத் திருப்பப் போனான். ஜெயக்கொடி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அணைச்சிராதீங்க" என்றாள்.