உலையடியில் ஈரம்

"சத்தம் போடாதிய அண்ணாச்சி! அந்த வாளிய இங்கிட்டு தள்ளுங்க."

மாரிமுத்து கெஞ்சினான். வாளியைத் தள்ளிய சக தொழிலாளி கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாடா இது, நிக்காம வந்துகினே கீது? சூப்பர்வைசர் பாத்தா அவ்ளோதான், பாத்துக்கோ."

ஒரகடம் பக்கத்து இரும்பு ஆலையில் அன்றுதான் புது உலைக்குச் சோதனை ஓட்டம். நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜன் வாயுவை விட்டு இரும்பு எடுக்கும் உலை. அதன் உச்சியிலிருந்து இறங்கும் குழாயை வெல்டிங் செய்து பற்றவைத்தவன் மாரிமுத்து. வாயு மட்டும்தான் போகும் என்று அவன் நினைத்திருந்த அந்தக் குழாயின் அடி வால்வைத் திறந்தால், தண்ணீர்! பக்கத்திலேயே குளிர்நீர்க் குழாய் வேறு ஓடியது. தான் பற்றவைத்த இடம் விட்டுப்போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்றே நினைத்தான்.

ஓட்டம் நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். சங்கரன்கோவிலிலிருந்து மனைவி இசக்கிசெல்வியை அழைத்துவரக் குன்றத்தூரில் வீடுகூடப் பார்த்துவிட்டான். கசிவு என்று தெரிந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

தரையில் கொட்டினால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வாளி வாளியாகப் பிடித்து, மூலையிலிருந்த டிரம்மில் ஊற்றி, சாக்கால் மூடினான். திருடன்கூட இவ்வளவு பக்குவமாக மறைத்திருக்க மாட்டான்.

படியில் பூட்ஸ் சத்தம். இன்ஜினியர் ஷெர்லின் இறங்கி வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"உலையை நிறுத்திடலாம் கோதண்டம் அண்ணா. எல்லாம் வேஸ்ட். இனிமே பழையபடி கரியைத்தான் போடுவாங்க."

தெரிந்துவிட்டது! பாவம், தன்னால் இந்தப் பெண்ணின் உழைப்பும் பாழாகிறதே என்று நினைத்ததும் மாரிமுத்துவால் தாங்க முடியவில்லை.

"மேடம், தப்பு எம்மேலதான். நான் வச்ச வெல்டிங் விட்டுப்போச்சு. காலையில இருந்தே தண்ணி ஊத்துது. பயந்துபோயி ஒளிச்சு வச்சிட்டேன்" என்று சாக்கை இழுத்தான்.

டிரம் தளும்பியது. ஷெர்லின் கையை விட்டு அளைந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழிந்தது.

"இன்னா மேடம் ஆச்சு?" கோதண்டம் பயந்தே போனார்.

"இந்த உலையைப் பத்திக் கிளாஸ் எடுத்தோமே மாரிமுத்து, நீ வரலையா?"

"காண்ட்ராக்ட் ஆளுவள யாரு மேடம் கூப்பிட்டா?"

ஷெர்லினுக்குச் சுருக்கென்றது. எழுந்து அவன் தோளைத் தட்டினாள்.

"உன் வெல்டிங்குக்கு ஒண்ணும் ஆகலை. கரி போட்டா புகை வரும், ஹைட்ரஜன் விட்டா தண்ணிதான் வரணும். அந்தத் தண்ணி இந்தக் குழாய் வழியா வந்து டேங்குல ஒரு சொட்டுகூடச் சேரலையேன்னு நான் மேல உக்காந்து அழுதுட்டிருக்கேன், நீ இங்க டிரம் நிறையப் பிடிச்சு மூடி வச்சிருக்கே!"